சுப்பீரியர் ஸ்பைடர்மேன்: 9ஆவது இஷ்யூல நிறுத்தினவங்க 30 வரைக்கும் ஏன் போகணும்

நண்பரே, "அமேசிங் ஸ்பைடர்மேன் 700ஆவது இஷ்யூல ஸ்பைடர்மேனான பீட்டரைக் கொன்னாங்க, சரி பொறுத்துக்கலாம்னு சுப்பீரியர் ஸ்பைடர்மேன் எடுத்தேன், 9ஆவது இஷ்யூல மிச்சம் மீதி இருந்த பீட்டரையும் துடைச்சு எடுத்துட்டாங்க, அதோட மூடி வச்சிட்டேன், முடிவு பிரமாதம்னு சொல்றாங்களே நிஜமா, கதையைச் சொன்னாலும் பரவாயில்ல"ன்னு கேட்டிருந்தீங்க. நிஜம்தான். நானும் அதே 9ல கோவப்பட்டு நிறுத்தினவன், ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகல, அதனால உங்க கோவம் எனக்கு நல்லாவே புரியும். அந்தக் கோவத்துல பாதி நியாயம்னுதான் இப்பவும் சொல்லுவேன். ஆனா முடிவைப் படிச்சப்புறம் மொத்த கதையையும் முதல்ல இருந்து திரும்பப் படிச்சேன், எந்த 9ஆவது இஷ்யூவை வெறுத்தேனோ அது இல்லாம அந்த முடிவே நிக்காதுன்னு அப்பதான் தெரிஞ்சது. முடிவு வரைக்கும் சொல்லித்தான் ஆகணும், வேற வழியில்ல.

இதைப் படிக்காதவங்களும் பார்ப்பாங்க, அதனால முதல்ல கதை. 2012 கடைசியில அமேசிங் ஸ்பைடர்மேன் 698ல ஒரு விஷயம் தெரிய வருது, ஸ்பைடர்மேனோட பழைய வில்லன் டாக்டர் ஆக்டோபஸ், அதாவது ஆக்டேவியஸ், பீட்டர் உடம்புக்குள்ள புகுந்துட்டான், பீட்டரோட மனசு சாகக் கிடக்கிற ஆக்டேவியஸ் உடம்புல ஜெயில்ல மாட்டிக்கிட்டு இருக்கு. நம்ம ஊர்ல இதுக்கு ஒரே வார்த்தை, கூடு விட்டுக் கூடு பாயறது. திருமூலர் மூலன்ங்கிற இடையனோட உடம்புல புகுந்தது மாடுங்க அழுததைப் பார்த்து மனசு இளகி. இவன் புகுந்தது சாவுக்குப் பயந்து. அந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க, கதை கடைசியில அங்கதான் வந்து நிக்கும். 700 அந்த டிசம்பர்லயே வந்துது, திரும்ப மாத்திக்க பீட்டர் எடுத்த முயற்சி தோத்துப் போச்சு, அவன் அந்தக் கிழட்டு உடம்புலயே செத்துப் போனான். 1963ல ஆரம்பிச்ச புத்தகம் அந்த நம்பரோட முடிஞ்சு, 2013 ஜனவரில சுப்பீரியர் ஸ்பைடர்மேன்னு புது நம்பர் 1 வந்துது. எழுதினது டேன் ஸ்லாட், படம் ரையன் ஸ்டெக்மன், ஹம்பர்ட்டோ ராமோஸ், ஜூசெப்பே காமன்கோலின்னு மாறி மாறி.

அப்ப எனக்கு வந்த சந்தேகம் ரொம்ப சிம்பிள். 2014 கோடையில அடுத்த ஸ்பைடர்மேன் படம் வரப்போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும், படம் வரும்போது கடையில பீட்டர் இல்லாத ஸ்பைடர்மேன் புக்கை வச்சுக்கிட்டு மார்வெல் உக்காந்திருக்காது, அப்ப எப்படியும் திரும்பி வரப்போறவனோட சாவுக்கு நான் எதுக்கு அழணும்? சேல்ஸுக்காகப் பண்ற வேலைன்னு முடிவு கட்டிட்டேன். நிறைய பேர் அப்படித்தான் நினைச்சாங்க, சில பேர் எல்லை மீறி ஸ்லாட்டுக்குக் கொலை மிரட்டல் வரைக்கும் விட்டாங்க, அது அசிங்கம், கதை பிடிக்கலன்னா புக்கை மூடிட்டுப் போகணும், எழுதினவனோட உயிருக்கு என்ன சம்பந்தம்.

9ஆவது இஷ்யூவுக்கு வருவோம், ஏன்னா உங்களுக்கும் எனக்கும் அங்கதானே முறிஞ்சது. முதல் இஷ்யூ கடைசியிலேயே பீட்டரோட ஒரு துண்டு ஆவி மாதிரி அந்த மண்டைக்குள்ள இருக்குன்னு காட்டிடுறாங்க, நமக்கும் ஒரு நிம்மதி, ஓஹோ எப்படியோ வந்துடுவான்னு. அந்த நிம்மதியைத்தான் 9 பிடுங்குது. மனசுக்குள்ளேயே ரெண்டு பேருக்கும் சண்டை, அதுல பீட்டரை அடிச்சது கையோ ஆக்டேவியஸோட இயந்திரக் கையான டென்டக்கிளோ இல்ல, ஒரு கேள்வி. அதுக்கு முன்னாடி இஷ்யூல ஆக்டேவியஸ் ஒரு குழந்தைக்கு மூளையில ஆபரேஷன் பண்றான், அதுக்கு எடுத்த ஸ்கேனர்ல தான் உள்ள இருக்கிறது வெளிய தெரிஞ்சிடும்னு பயந்து பீட்டர் ஒரு கணம் அவன் கையைத் தடுக்கப் பார்க்கிறான். ஆக்டேவியஸ் அதைப் பிடிச்சுக்கிறான், உன் உயிருக்காக ஒரு குழந்தை சாகட்டும்னு நினைச்சியே நீயா ஹீரோன்னு அடிக்கிறான், பீட்டருக்குப் பதில் இல்ல, குத்த உணர்ச்சியில உடைஞ்சு போறான், அப்புறம் நினைவு ஒண்ணொண்ணா பிச்சு எடுக்கப்பட்டு கடைசியில பேரே இல்லாதவனா கரைஞ்சு போறான். அதைப் படிச்சப்ப எனக்கு வயித்தைக் கலக்குச்சு. பீட்டர் பார்க்கர் அப்படி யோசிக்கிற ஆளே இல்ல, எழுதினவருக்கு வேணும்ங்கிறதுக்காக அவனை அசிங்கப்படுத்திட்டாருன்னு தோணுச்சு, அந்த இஷ்யூவை பீரோ மேல தூக்கிப் போட்டதுதான்.

திரும்ப எடுத்தது 2014 மே மாசம். அந்தப் படம் பார்த்துட்டு வெளிய வந்து டீ குடிச்சிக்கிட்டு இருக்கும்போது நான் பழைய புலம்பலை ஆரம்பிச்சேன், கூட வந்த நண்பன் பேச்சே வளர்க்கல, மறுநாள் 10ல இருந்து 31 வரைக்கும் ஒரு கட்டா கொண்டு வந்து வச்சிட்டு, அன்னா மரியா வர்ற பக்கங்களை மட்டும் நிதானமா படின்னு சொல்லிட்டுப் போயிட்டான். மொத்தம் 31 இஷ்யூ, 2013 ஜனவரில இருந்து 2014 ஏப்ரல் வரைக்கும், மாசத்துக்கு ரெண்டு கணக்குல வந்தது, அதனால உக்காந்து படிச்சா தொய்வே இல்லாம ஓடும்.

அந்த அன்னா மரியா மார்கோனியைப் பத்திக் கொஞ்சம் பேசணும். பீட்டர் முனைவர் பட்டம் வாங்கவே இல்லைங்கிறது ஆக்டேவியஸுக்குப் பெரிய அவமானம், டாக்டர்ங்கிற பட்டம் இல்லாம அவனால ஒரு நாள் கூட இருக்க முடியாது, அதனால திரும்ப யுனிவர்சிட்டிக்குப் போறான், அங்க அறிமுகமாகுறவதான் இவ. உயரம் ரொம்பக் குறைவா வளர்ந்த பொண்ணு, அபாரமான மூளை, யார் பரிதாபப்பட்டாலும் சிரிச்சுக்கிட்டே தள்ளி விட்டுடுவா. ஆக்டேவியஸ் வாழ்நாள் பூரா தன்னை விட எல்லாரும் கீழன்னு பார்த்தவன், இவளைப் பார்க்கும்போது மட்டும் அந்த அளவுகோல் அவன் கையில இருந்து நழுவிடுது. இதுல முக்கியமான விஷயம், இது பீட்டர் கிட்ட இருந்து திருடின உறவு இல்ல. பீட்டர் காதலிச்ச மேரி ஜேன், அவனை வளர்த்த மே ஆன்ட்டி, வேலை, முகமூடி எல்லாமே அடுத்தவனோடது, இவ ஒருத்திதான் அவனாவே சம்பாதிச்சது. ஆனா அவ காதலிக்கிறது பீட்டர் பார்க்கர்ங்கிற பேரை, பீட்டரோட முகத்தை. அந்த முள்ளு கடைசி வரைக்கும் உள்ளேயே இருக்கும்.

வேலையைப் பொறுத்தவரைக்கும் அவன் உண்மையிலேயே பீட்டரை விடத் திறமைசாலியா தெரிவான், அதுதான் கதையோட கெட்டிக்காரத்தனம். ஊர் முழுக்க ஸ்பைடர் பாட்னு குட்டி ரோபோக்களை அனுப்பி கண்காணிக்கிறான், எங்க குத்தம் நடந்தாலும் அவனுக்கு அலாரம் அடிக்கும், ராத்திரி பூரா சுத்தி ரோந்து போகத் தேவையில்ல, நேரம் மிச்சம், அந்த நேரத்துல படிப்பு, வீட்டுச் சாப்பாடு, பார்க்கர் இண்டஸ்ட்ரீஸ்னு சொந்த கம்பெனி. மேயரா இருக்கிற ஜேம்சனையே ஒரு ரெக்கார்டிங்கை வச்சு மிரட்டி, ஜெயிலா இருந்த ராஃப்ட் தீவை வாங்கி கோட்டையாக்கி, கூலிக்கு ஆள் வச்சு படை திரட்டுறான். படிக்கப் படிக்க நமக்கே, ஆமா இதை ஏன் பீட்டர் இத்தனை வருஷமா யோசிக்கலன்னு தோணும். மேசக்கர்னு ஒரு கொலைகாரனை 5ஆவது இஷ்யூல சுட்டுக் கொன்னப்ப ஊரே கை தட்டுது, கொஞ்ச நேரம் படிக்கிற நமக்கும் கை தட்டலாம்னு தோணுது. அந்த சபலத்துக்குள்ள நம்மளை வேணும்னே இழுத்து விட்டிருக்காரு ஸ்லாட், அப்புறம்தான் கதவைச் சாத்துறாரு.

ஒரு சின்ன விலகல். லயன் காமிக்ஸ் படிச்சு வளர்ந்த நமக்கு ஸ்பைடர்னா முதல்ல ஞாபகம் வர்றது மார்வெல் ஆளு இல்ல, கூரான காதும் வலைத் துப்பாக்கியும் வச்சிக்கிட்டு ஹெலிகார்ங்கிற பறக்கும் கார்ல சுத்தற பிரிட்டிஷ் ஸ்பைடர்தான். அவனும் வில்லனா ஆரம்பிச்சவன், குத்தவாளிகளுக்கெல்லாம் ராஜா ஆகணும்னு வந்தவன், அப்புறம் கட்சி மாறினான். அந்தக் கதைகள்ல நிறைய எழுதினது சூப்பர்மேனை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தரான ஜெர்ரி சீகல். அந்த ஸ்பைடர் நல்லவனா மாறினதுல மனசு திருந்துன கதையெல்லாம் இல்ல, அவனுக்கு கர்வம், யாரையும் விட நான் பெரிய ஆள்னு காட்டணும். ஆக்டேவியஸும் அப்படியே கர்வத்துலதான் ஹீரோ ஆகுறான், அந்தப் பேர்லயே இருக்கே, சுப்பீரியர்னு. சின்ன வயசுல கர்வம் பிடிச்ச ஸ்பைடரை கை தட்டி ரசிச்சவன் நான், அந்தக் கர்வம் கடைசியில எங்க போய் முட்டும்னு ஒருத்தர் முழுசா எழுதிக் காட்டினது எனக்கு இந்தக் கதையிலதான்.

இது ஏதோ திடீர்னு முளைச்ச யோசனையும் கிடையாது. டாக்டர் ஆக்டோபஸ் முதல்ல வந்தது 1963ல, அமேசிங் 3ஆவது இஷ்யூல, ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ காலம். 1974ல, 131ஆவது இஷ்யூல, மே ஆன்ட்டியைக் கல்யாணம் பண்ண மணமேடை வரைக்கும் போயிட்டான், அதாவது பீட்டர் வீட்டுக்குள்ள நுழையறது அவனுக்குப் பழைய ஆசைதான். 2009ல 600ஆவது இஷ்யூல அதே ஸ்லாட் எழுதி, வருஷக் கணக்கா வாங்கின அடியில இவன் உடம்பு சிதைஞ்சு போச்சு, நாள் எண்ணிக்கிட்டு இருக்கான்னு சொல்லிட்டாரு. அங்க இருந்து 700 வரைக்கும் மூணு வருஷத்துக்கு மேல நூல் ஓடுது. 2012ல எனக்கு இது தெரியல, அந்த 600 என் கையிலயே இருந்துது, ஆனா நான் இணைச்சுப் பார்க்கல.

இப்ப முடிவு. 27ல இருந்து 31 வரைக்கும் கோப்ளின் நேஷன், இந்தக் கடைசிப் பகுதியை ஸ்லாட் கூட கிறிஸ்டோஸ் கேஜும் சேர்ந்து எழுதியிருக்காரு. ஸ்பைடர்மேனோட பரம எதிரி கிரீன் கோப்ளின் ரொம்ப நாளாவே கீழ படை கட்டிக்கிட்டு இருந்திருக்கான், ஆனா ஆக்டேவியஸ் கண்ணுல படவே இல்ல, ஏன்னா கோப்ளின் முகமூடி போட்டவங்க ஸ்பைடர் பாட் கேமராவுல தெரியாத மாதிரி அந்த சாஃப்ட்வேர்லயே கை வச்சிருக்கான். பீட்டரா இருந்தா தெருவுல இறங்கிச் சுத்துவான், ஏதாவது சந்துல எவனாவது ஒருத்தன் கண்ணுல பட்டிருப்பான். இவன் ஸ்க்ரீனை நம்பினான். எந்த விஷயத்துல பீட்டரை விட ஒசத்தின்னு நினைச்சானோ அந்த விஷயம்தான் குழி பறிச்சது. தீவுக் கோட்டை போச்சு, படை போச்சு, நியூயார்க் கோப்ளின் கைக்குப் போச்சு, நீ ஆக்டேவியஸ்னு எனக்குத் தெரியும் என் கூட சேர்ந்துக்கோன்னு கோப்ளின் கூப்பிடறான், இவன் மாட்டேங்கிறான். அப்ப அன்னா மரியாவைத் தூக்கிட்டுப் போயிடறாங்க.

உள்ள இன்னொண்ணு நடக்குது. 9ல அழிஞ்ச பீட்டர் முழுசா அழியல, கொஞ்சூண்டு நினைவு மட்டும் ஒட்டிக்கிட்டு ஒரு மூலையில இருக்கான்னு 19லயே காட்டிடுவாங்க. அவன் வெளிய வர வழி தேடி ஆக்டேவியஸோட நினைவுகளுக்குள்ள இறங்குறான், அந்த வாழ்க்கையை அவனாவே வாழ்ந்து பார்க்கிறான், அதுலயே தன்னைத் தொலைக்கிற அளவுக்குப் போயிடறான். இங்கதான் நான் புக்கைக் கீழ வச்சிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். ஏன்னா 700ல நடந்தது இதோட மறுபக்கம், சாகும்போது பீட்டர் தன் நினைவுகளை ஆக்டேவியஸ் மேல இறக்கினான், வளர்த்த பென் அங்கிள் செத்தது, காதலி க்வென் செத்தது எல்லாத்தையும் அவன் பட்டு அனுபவிக்க வச்சான், அதனாலதான் அவன் நல்லவனா இருக்கணும்னே நினைச்சான். பீட்டர் வாழ்க்கையை ஆக்டேவியஸ் சுமந்தான், இப்ப ஆக்டேவியஸ் வாழ்க்கையை பீட்டர் சுமக்கிறான். இதை நான் சும்மா உடம்பு மாறின கதைன்னுதான் நினைச்சிருந்தேன்.

30ல ஒரு சின்னப் பொண்ணு ஆபத்துல இருக்கா, கண் இமைக்கிற நேரம்தான் இருக்கு. ஆக்டேவியஸ் தயங்குறான். அவனுக்கு இரக்கம் இல்லாம இல்ல, கணக்குப் போடறான், எது சரி, எதுல தோத்தா என்ன ஆகும்னு, இத்தனை தோல்விக்கப்புறம் அவனோட மூளை மேல அவனுக்கே நம்பிக்கை போயிடுச்சு. அந்த நொடியில உள்ள இருக்கிற பீட்டர் உடம்பை எடுத்துக்கிட்டுப் பாயுறான், ஒரு கேள்வி இல்ல, ஒரு கணக்கு இல்ல. 9ல ஒரு குழந்தையைக் காட்டித்தானே இவன் பீட்டரைத் தோற்கடிச்சான், 30ல ஒரு குழந்தை முன்னாடிதான் இவனே தோக்குறான். அங்க பீட்டர் தயங்கினதுக்கு இங்க பீட்டர் பதில் சொல்லிட்டான், வாயால இல்ல. என்னைக் கோவப்படுத்தின அந்த இஷ்யூவுக்கு அர்த்தம் கிடைச்ச இடம் இதுதான்.

அப்புறம் ஆக்டேவியஸ் பண்றது. யாரும் அவனை அடிச்சு வெளிய தள்ளல, எந்த மெஷினும் திரும்ப மாத்தல. அன்னா மரியாவை என்னால காப்பாத்த முடியாது உன்னால முடியும்னு அவனே பீட்டர்கிட்ட சொல்றான், சொல்லிட்டுத் தன் நினைவுகளைத் தானே அழிச்சுக்கிறான். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, சாவுக்குப் பயந்து அடுத்தவன் உடம்பைத் திருடினவன் அவன், தன் மூளையைத் தவிர வேற எதையும் சொத்துன்னு நினைக்காதவன், அந்த மூளையில இருக்கிற ஒவ்வொரு அறையா விளக்கை அணைச்சுக்கிட்டுப் போறான். அதுல அன்னா மரியாவும் இருக்கா. அவளைக் காப்பாத்தறதுக்காக அவளைப் பத்தின நினைவையே குடுக்கணும், அவளுக்கு இதைச் செஞ்சது யாருன்னு கூட தெரியாம போகலாம், முகம் பீட்டரோடது, பேரு பீட்டரோடது, நன்றியும் அவனுக்குத்தான் போகும். எல்லாம் தெரிஞ்சுதான் குடுக்கிறான். பீட்டர்தான் ஒசத்தின்னு ஒத்துக்கிட்டுப் போறான். 700ல பீட்டர் சாகும்போது என் மனுஷங்களைப் பார்த்துக்கோன்னு இவன்கிட்ட கேட்டான் இல்லையா, இப்ப இவன் கேட்டுட்டுப் போறது அதே வேண்டுதல்.

பீட்டர் திரும்புவான்னு நான் சொன்னது சரிதான், படம் வர்றதுக்குள்ள வருவான்னு போட்ட கணக்கும் சரிதான், 2014 ஏப்ரல்ல வந்துட்டான். ஆனா திரும்பறதுக்கான விலையை யார் குடுப்பாங்க, எதுக்காகக் குடுப்பாங்கன்னு நான் ஒரு தடவை கூட யோசிச்சிருக்கல.

31ல பீட்டர் முகமூடியோட வந்து கோப்ளின் முன்னாடி நின்னு ஒரு ஜோக் அடிக்கிறான், அவ்வளவுதான், கோப்ளினுக்கு அப்பவே புரிஞ்சிடுது எதிர்ல நிக்கிறது யாருன்னு. ஒரு வருஷத்துக்கு மேல அந்த முகமூடிக்குள்ள இருந்து திமிரா பேசின பேச்சையே கேட்டுட்டு, திடீர்னு அந்தப் பழைய நக்கல் கேட்டப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சண்டைக்கப்புறம் எல்லாம் சரியாகிடல, அதுவும் எனக்குப் பிடிச்சிருந்தது. கைக்கு ஒரு கம்பெனியும் ஒரு டாக்டர் பட்டமும் வந்திருக்கு, ரெண்டும் அவன் சம்பாதிச்சது இல்ல. மேரி ஜேன் விலகிப் போறா. அன்னா மரியா புத்திசாலி, தான் காதலிச்சது யாருன்னு அவளே கண்டுபிடிச்சிடறா.

குறை இருக்கு, மறைக்க மாட்டேன். அவெஞ்சர்ஸ் அத்தனை பேரும் பக்கத்துல வச்சு டெஸ்ட் பண்ணியும் கண்டுபிடிக்கலங்கிறது எனக்கு இன்னிக்கும் ஒட்டல. ஆரம்பத்துல பீட்டர் முகத்தை வச்சிக்கிட்டு மேரி ஜேனை நெருங்கப் பார்க்கிற இடங்கள் அருவருப்பா இருக்கும், 2ஆவது இஷ்யூல அவனே பிரிஞ்சிடறான்னாலும் அது எவ்வளவு பெரிய தப்புங்கிறதைக் கதை போதுமான அளவு பேசலங்கிறவங்க பக்கம்தான் நான். நடுவுல 2099 ஸ்பைடர்மேன் வர்றது, வெனம் வர்றதெல்லாம் வேகமா புரட்டலாம். கடைசிச் சண்டை அவசரமா முடியுது, கோப்ளினுக்கு இன்னும் ஒரு இஷ்யூ குடுத்திருக்கலாம். அப்புறம் காமிக்ஸ்ல செத்தவன் சாகமாட்டான்ங்கிற மாதிரி ஆக்டேவியஸ் வேற வேற வழியில திரும்ப வந்தான், 2018 டிசம்பர்ல கேஜ் எழுத்துல அவனுக்கே மறுபடி ஒரு சுப்பீரியர் புக்கும் வந்துது, அது சுமாரா நல்லாவே இருக்கும், ஆனா 30க்கு முன்னாடி அதைத் தொடாதீங்க.

விட்ட இடத்துல, 10ல இருந்து நேரா ஆரம்பிக்க வேண்டாம். 700 எடுத்துக் கடைசிப் பக்கங்களை ஒரு தடவை படிங்க, பீட்டர் சாகும்போது கேக்கறதை நல்லா கவனிங்க, அப்புறம் 8, 9 ரெண்டையும் கோவத்தோடயே திரும்பப் படிங்க, கோவத்தைக் குறைச்சுக்க வேண்டாம், அது கூடவே வரட்டும். அன்னா மரியா வர்ற பக்கத்துல அவசரப்படாதீங்க. 30ஐ மட்டும் ராத்திரி தனியா உக்காந்து, போனைத் தள்ளி வச்சிட்டுப் படிங்க, முடிச்சிட்டு எப்படி இருந்துதுன்னு எனக்கு அவசியம் சொல்லுங்க நண்பரே.